செக்கிங் நாளில் கேட்ட சத்தம்

அக்கா, உங்களை வரிசையில் நிற்கவைத்துக் கொன்றார்கள்.

ஸ்கேன் எடுக்கும்போது தர்ஷினி வயிற்றில் தடவிய ஜெல் என் விரலில் இன்னும் பிசுபிசுக்கிறது. கழுவ மனமில்லை. இன்று காலை உங்கள் தங்கையின் வயிற்றிலிருந்து ஒரு சத்தம் கேட்டேன். நம் கம்பெனி லைனில் மெஷின் வேகம் பிடிக்குமே, அப்படிப் படபடவென்று. மூன்று மாதக் கரு, அக்கா. உயிரோடு இருக்கிறது!

சங்கரன்கோவிலிலிருந்து வந்த எனக்குக் கம்பெனி பஸ்ஸில் உங்கள் பக்கத்து சீட். ஒரகடம் போய்ச் சேர்வதற்குள் சூப்பர்வைசரை நான் திட்டித் தீர்த்துவிடுவேன். நீங்கள் முழங்கையைக் கிள்ளுவீர்கள். "மெல்லக் கதை பிள்ளை. நாங்க இஞ்ச விருந்தாளியள்." இந்த இலங்கை அகதிகள் முகாமில் பிறந்து, இங்கேயே பள்ளிக்கூடம் போய், இங்கேயே கல்யாணம் முடித்தவர் எந்த ஊர் விருந்தாளி?

உங்கள் முதல் கரு லைனிலேயே கலைந்தது. சொன்னால் வேலை போய்விடும் என்று ஷிப்ட் முடியும்வரை நின்றுகொண்டே வயர் கட்டினீர்கள். இரண்டாவது கலைந்ததை என்னிடமும் மறைத்தீர்கள். மூன்றாவது, போன வருடம், ஒரு செக்கிங் நாளில்.

செக்கிங் அன்று முகாமில் அதிகாரி மேசை போட்டு உட்காருவார். பெயர் கூப்பிடும்போது ஆள் நேரில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் பதிவில் பெயரை வெட்டுவார்கள்; உதவிப்பணம், ரேஷன் நின்றுவிடும். மறுபடி சேர்க்க ஆபீஸ் ஆபீஸாக அலைய வேண்டும். அன்று காலை போனில் உங்கள் குரலே சரியில்லை.

"வாயுக் குத்து பிள்ளை. தோள் வரைக்கும் இழுக்குது. செக்கிங் முடிய ஆஸ்பத்திரிக்குப் போறன்."

"சரிக்கா" என்றேன். அந்தச் "சரிக்கா"வை என்னால் இன்னும் விழுங்க முடியவில்லை. உங்கள் பெயரைக் கூப்பிட்டபோது கை தூக்கினீர்களாம். டிக் போட்டார்களாம். பிறகுதான் விழுந்தீர்கள். கரு கருக்குழாயிலேயே தங்கி, குழாய் வெடித்துவிட்டது, காலையிலேயே வந்திருந்தால் பிழைத்திருப்பார் என்றார் டாக்டர்.

இன்றும் செக்கிங். விடிந்ததும் தர்ஷினி போன் செய்தாள். "அக்கா, கொஞ்சம் ரத்தம் படுது. செக்கிங் முடிய வாறன்." நீங்கள் சொன்ன அதே சொல். ஷிப்டை விட்டுவிட்டு ஷேர் ஆட்டோவில் முகாமுக்கு ஓடினேன். குடையைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றாள், முகம் வெளுத்து. மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன்.

"விடுங்கோ அக்கா. பேர வெட்டிப்போடுவாங்கள்."

"வெட்டட்டும். நட ஏட்டி."

பின்னால் நின்ற பெண்கள் வழிவிட்டார்கள். ஒருத்தி சொன்னாள்: "கூட்டிக்கொண்டு போ பிள்ளை. இஞ்ச நாங்க கதைக்கிறம்."

ஆஸ்பத்திரியில் அந்தச் சத்தம் கேட்டதும் நான் சிரித்தேன், அழுதேன், நர்சம்மா கையைப் பிடித்துக் குலுக்கினேன். "இன்னாம்மா, புள்ள அவளுதா உன்னுதா? நீ இந்த ஆட்டம் ஆடிகினு கீற" என்றார். இரத்தம் நிற்க மருந்து கொடுத்துப் படுக்க வைத்திருக்கிறார்கள். ஆபத்து முழுதாக நீங்கவில்லை. ஆனால் படுத்திருக்கிறாள், அக்கா. வெயிலில் நிற்கவில்லை.

ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்துக்கொண்டு முகாமுக்குத் திரும்பினேன். சொன்னபடியே பெண்கள் மேசையைச் சுற்றிக்கொண்டு அதிகாரியை எழவிடாமல் வைத்திருந்தார்கள். சீட்டை முன்னால் வைத்தேன்.

"நேர்ல நிக்கலைன்னா ஆப்சென்ட்தாம்மா. நீ யாரு? முகாம் ஆளா?"

"அவ அக்கா செத்த அன்னைக்கு டிக் போட்டீகள்ல, அந்த அக்காவுக்குக் கூட்டாளி."

முழங்கையில் உங்கள் கிள்ளல் உறைத்தது. அது என்றைக்கும் என்னோடுதான் இருக்கும். இருந்தும் நான் மெல்லக் கதைக்கவில்லை, மன்னியுங்கள். அந்த மேசையில் கையூன்றிக் கேட்டேன்:

"ஆஸ்பத்திரியில படுத்திருக்கிற பொம்பள பேரை வெட்ட மாட்டோம்னு எழுதி, கையெழுத்துப் போட்டுத் தாங்க. இவளுக்கு மட்டும் இல்ல, எல்லாருக்கும். இப்பவே."

அவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, ஜீப் எங்கே என்று பார்த்தார்.