ஒவ்வொன்றும் ஐந்து முறை

மார்ச் 4, செவ்வாய்

காலை செய்தேன். மதியம் செய்தேன். மாலை பாதியில் விட்டேன்.

முகவாதம் வந்து இன்றோடு நூற்றுப் பதினைந்து நாள். நவம்பரில் ஒரு காலை, பல் தேய்த்துக் கொப்பளிக்கும்போது இடது கடைவாயில் தண்ணீர் தானாக ஒழுகியது. நிமிர்ந்து பார்த்தால் பாதி முகம் தூங்கிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து இதே வேலை. புருவத்தை ஏற்று, மூக்கைச் சுருக்கு, உதட்டைக் குவி, கன்னத்தை உப்பு, கண்ணை மெதுவாக மூடு. ஒவ்வொன்றும் ஐந்து முறை, நாளைக்கு மூன்று வேளை. வலப்பக்கம் சொன்னதைக் கேட்கிறது. இடப்பக்கம் யாருக்கு வந்த விருந்தோ என்று இருக்கிறது.

"பெரும்பாலானவங்களுக்கு மூணு மாசத்துல சரியாயிடும்" என்றார் டாக்டர். அந்தப் பெரும்பாலானவர்கள் எங்கே இருக்கிறார்களோ.

மார்ச் 7, வெள்ளி

செய்தேன். ஒன்றும் இல்லை.

மார்ச் 10, திங்கள்

முடி வெட்டுகிறவனுக்கு இது வந்திருக்க வேண்டாம். காலை ஒன்பதிலிருந்து இரவு எட்டு வரை கண்ணாடிக்கு முன்னால்தான் நிற்கிறேன். நான் பார்க்காவிட்டாலும் நாற்காலியில் இருப்பவர் பார்க்கிறார்.

ஆறு வருடமாக என்னிடம் மட்டுமே வெட்டிக்கொள்ளும் வங்கிக்காரர் இன்று வந்தார். என் நாற்காலி காலி. பக்கத்து நாற்காலியில் இரண்டு பேர் காத்திருந்தார்கள். "அவசரமில்ல, நான் இருந்தே வெட்டிக்கறேன்" என்று மூன்றாவது ஆளாக அங்கே போய் உட்கார்ந்தார். கோபம் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. துண்டுகளை உதறி மடித்து வைத்தேன்.

சாயங்காலம் முதலாளி ஓரமாகக் கூப்பிட்டார். "தப்பா எடுத்துக்காதீங்க. கொஞ்ச நாளைக்கு மாஸ்க் போட்டுக்கோங்களேன்."

"சரிங்க."

மார்ச் 15, சனி

மாஸ்க் சௌகரியமாகத்தான் இருக்கிறது. எச்சில் ஒழுகினாலும் யாருக்கும் தெரியாது. வங்கிக்காரர் ஷேவிங்குக்கு வந்தார். மாஸ்க்கைப் பார்த்துவிட்டு, "உடம்பு தேவலையா?" என்று கேட்டு என் நாற்காலியிலேயே உட்கார்ந்தார். "ஆமா சார், சரியாயிடுச்சு" என்றேன். பொய் சொல்வது இவ்வளவு சுலபமா?

மார்ச் 22, சனி

ஆறு நாளாகச் செய்யவில்லை. ஆனால் பயிற்சிக்கு என்று கொடுத்திருக்கும் தாளில் எல்லாக் கட்டத்திலும் டிக் போட்டிருக்கிறேன். இன்றைக்கும் மூன்று டிக்.

ஆரம்பத்தில் என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணுவாள். எப்போது நிறுத்தினாள் என்று தெரியவில்லை. அவளைக் குறை சொல்ல முடியாது. எத்தனை நாள்தான் எண்ணுவாள்.

மார்ச் 26, புதன்

பிசியோதெரபிஸ்டிடம் போனேன். என் மனைவியின் தங்கை வயதுதான் இருக்கும். தாளை வாங்கி மேலிருந்து கீழ் வரை பார்த்தார்.

"சனிக்கிழமை மூணு வேளையும் செஞ்சீங்களா?"

"செஞ்சேன் மேடம்."

என் கன்னத்தில் இரண்டு விரலை வைத்து அழுத்திப் பார்த்தார். பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டே சொன்னார். "செய்யலன்னா செய்யலன்னு விடுங்க. டிக் மட்டும் போடாதீங்க. அப்புறம் பயிற்சி பலிக்கலயா, நீங்க செய்யலயான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். அவர் திட்டவில்லை. புதுத் தாள் ஒன்று கொடுத்தார்.

மார்ச் 28, வெள்ளி

புதுத் தாள் பையிலேயே இருக்கிறது. எடுக்கவில்லை.

மார்ச் 30, ஞாயிறு

மகளுக்கு ஒன்பது வயது. டிவியே கதி என்று கிடந்தாள். "இந்த டிவிய வித்தாச்சு, நாளைக்கு வந்து தூக்கிட்டுப் போயிடுவாங்க" என்றேன். எப்போதும் செய்கிற வம்புதான். முன்பெல்லாம் அவள் என் முகத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சும்மா சொல்லாதப்பா" என்பாள். இன்று உதடு பிதுங்கி அழுதுவிட்டாள்.

"விளையாட்டுக்குடா கண்ணு."

"நீ விளையாட்டுக்குச் சொல்றியா, நிஜமாவா சொல்றியான்னு தெரியவே மாட்டேங்குது."

"குரல்ல தெரியலயா?"

"இல்ல. உன் மூஞ்சிலதான் தெரியும்."

வீட்டில் நான் மாஸ்க் போடுவதில்லை. போட்டிருந்தாலும் அவளுக்கு வித்தியாசம் இருந்திருக்காது போல. அப்ப இத்தனை நாளா என் பொண்ணு யாரப் பாத்துக்கிட்டு இருந்தா? ரெண்டு வாரம்டா. ரெண்டு வாரமா ஒரு மயிரும் செய்யாம டிக் போட்டுக்கிட்டு - சீ. அழுகைகூட வரல.

இடது கண்ணில் தண்ணீர் வந்தது. அது எப்போதும் வருவதுதான். கணக்கில் சேராது.

மார்ச் 31, திங்கள்

தாளைக் குளியலறைக் கதவில் ஒட்டினேன். காலையில் பல் தேய்த்த கையோடு. மதியம் இரண்டு மணிக்குக் கடையின் பின்னறையில். மாலை வேளை, கடை மூடி வீட்டுக்கு வந்து முகம் கழுவும்போது. விருப்பம் இல்லை. விருப்பம் இல்லாமலே செய்தேன். கன்னத்துக்கு அது தெரியவா போகிறது.

ஏப்ரல் 3, வியாழன்

செய்தேன்.

ஏப்ரல் 4, வெள்ளி

செய்தேன்.

ஏப்ரல் 9, புதன்

மதியம் கூட்டம். செய்யவில்லை. கட்டத்தைக் காலியாக விட்டேன். பார்க்க அசிங்கமாக இருக்கிறது. இருக்கட்டும்.

ஏப்ரல் 19, சனி

பின்னறையில் கன்னத்தை உப்பிக்கொண்டு நிற்கும்போது பக்கத்து நாற்காலிக்காரன் சீப்பு எடுக்க வந்தான்.

"என்னண்ணே, பலூன் ஊதுறீங்களா?"

விஷயத்தைச் சொன்னேன். அவனும் என்னோடு நின்று ஐந்து முறை உப்பினான். "எனக்கே தாடை வலிக்குதே" என்றான். நாளையிலிருந்து தினமும் கூட நிற்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான்.

ஏப்ரல் 23, புதன்

அவன் வரவில்லை. நான் செய்தேன். மாஸ்க் இல்லாமல் வேலை பார்க்கலாமா என்று முதலாளியிடம் கேட்டேன். தலையைச் சொறிந்தார். பிறகு, "உங்க இஷ்டம்" என்றார்.

மே 6, செவ்வாய்

தெரபிஸ்ட் தாளைப் பார்த்தார். ஏழு கட்டம் காலி. ஒன்றும் கேட்கவில்லை. கண்ணை மூடச் சொல்லி, கீழ் இமையில் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார்.

"இங்க லேசாத் துடிக்குது. தெரியுதா?"

"இல்ல மேடம்."

"எனக்குத் தெரியுது."

வீட்டில் சொல்லவில்லை. சொல்லிவிட்டு, அடுத்த தடவை இல்லை என்றால்?

மே 27, செவ்வாய்

செய்தேன். எதற்கென்று யோசிப்பதை எப்போது விட்டேன் என்று நினைவில்லை.

ஜூன் 12, வியாழன்

காலை, மாலை.

ஜூன் 22, ஞாயிறு

மனைவி போனை வைத்துவிட்டு வந்து துணி மடிக்க உட்கார்ந்தாள். அவளுடைய அண்ணன் வருகிறாராம். பத்து நாள் இருப்பாராம். அவர் வந்தால் சோபா அவருக்கு, நியூஸ் சானல் அவருக்கு. நான் எப்படிக் கத்திரி பிடிக்க வேண்டும் என்பது வரைக்கும் அவர்தான் சொல்வார்.

"வரட்டுமே" என்றேன்.

"வரட்டுமேன்னு வாய்தான் சொல்லுது. மூஞ்சி போற போக்கப் பாரு! எங்க வீட்டு ஆளுங்கன்னாலே உடனே சுளிச்சாகணும்."

"யாரு சுளிச்சா?"

"நீங்கதான். நெத்தி முழுக்கச் சுருங்குது. எனக்கென்ன கண்ணு தெரியாதா?"

சொன்னவளின் கை அப்படியே நின்றது. கையில் பாதி மடித்த போர்வை. எழுந்து கிட்டே வந்து, என் இடது புருவத்துக்கு மேலே பார்த்தாள்.

"இன்னொரு தரம் சுளிங்க, பாப்போம்."

"அண்ணன் ஒரு மாசம் இருப்பார்னு சொல்லு. தானா வரும்" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. போர்வையோடு கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.