கார்ஸ்வெல் படத்துக்கு உங்க கருத்து

மரைன் ஹில்,
போர்ட்பிளேர்,
6 ஜூலை 2025

என்னங்க,

நான் நல்லா இருக்கேன், நீங்களும் நல்லா இருக்கணும். போன் வேண்டாம்னு நான் சொன்னதுக்குக் காரணம் உங்களுக்கே தெரியும். மூணாவது நிமிஷம் யாராவது ஒருத்தர் கட் பண்ணிடுறோம். அதான் எழுதுறேன்.

ஸ்கூல்ல எனக்கு மெயின்லேண்ட் மாற்றல் வந்திருக்கு, திருச்சிக்கு. ஆகஸ்ட் கடைசிக்குள்ள சம்மதம்னு கையெழுத்துப் போடணும். போட்டா அவ்வளவுதான், இந்தத் தீவுப் பக்கம் திரும்ப மாட்டேன். என்னை ஒரு வார்த்தை கேட்காம நீங்க மாயாபந்தர் கப்பல் ஜெட்டிக்கு மாற்றல் எழுதிக் கொடுத்துட்டுப் போய் நாலு வருஷம் ஆச்சு. இனியும் நாம புருஷன் பெண்டாட்டியா இருக்கப் போறோமா இல்லையான்னு எனக்குத் தெரிஞ்சாகணும்.

ஞாயித்துக்கிழமை மத்தியானம் படம் பார்த்துட்டுச் சண்டை போடுவோமே, அப்பதான் நாம நல்லா இருந்தோம். அந்த இங்கிலாந்து டைரக்டர் எட்மண்ட் கார்ஸ்வெல் எடுத்ததுல நாம சேர்ந்து பார்க்காத படம் இன்னும் மூணு இருக்கு. ஒவ்வொண்ணா பென் டிரைவில் போட்டு, பஸ் டிரைவர் வின்சென்ட் அண்ணன்கிட்ட கொடுத்து விடுறேன். பார்த்துட்டு உங்களுக்கு என்ன தோணுச்சோ அதை எழுதுங்க. நான் கேட்கிறது அது ஒண்ணுதான்.

சுகுணா


மாயாபந்தர்,
15 ஜூலை

அன்புள்ள சுகுணா,

வின்சென்ட் அண்ணன் கவரைக் கொடுத்துட்டு, உன்னைப் பத்தி "பாபி இளைச்சுட்டாங்க"ன்னார். உடம்பைப் பார்த்துக்கோ. இங்க விடாத மழை. கப்பல் வரலைன்னா டிக்கெட் கவுண்டர்ல எல்லாரும் என்னைத்தான் முறைக்கிறாங்க. கடலை நான்தான் கொந்தளிக்க வச்ச மாதிரி!

படம் பார்த்தேன். மனைவியை இழந்த ரயில்வே ஊழியரின் தனிமையை இயக்குநர் வசனமே இல்லாமல் உணர்த்திவிடுகிறார். அவர் மடித்து வைக்கும் அந்தக் கோட்டுக்குள் ஒரு முழு இல்லறம் அடங்கியிருக்கிறது. மழையும் ஒரு விருந்தாளியைப் போல வீட்டுக்குள் வந்து அமர்ந்துகொள்கிறது.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன் உதயசூரியன்


மரைன் ஹில்,
24 ஜூலை

என்னங்க,

இதெல்லாம் எங்கே ஒளிச்சு வச்சிருந்தீங்க? மழை விருந்தாளி மாதிரி வந்து உட்காருதுன்னு எழுதியிருந்தீங்களே, அதை ஸ்டாஃப் ரூம்ல அகிலா டீச்சர்கிட்ட படிச்சுக் காட்டினேன். "உங்க வீட்டுக்காரரா எழுதினார்?"னு கேட்டாங்க. எனக்குப் பெருமை தாங்கல, போங்க!

மாற்றல் காகிதம் அலமாரியில கிடக்கு. தொடவே தோணல. ரெண்டாவது படம் அனுப்பியிருக்கேன், அக்கா தங்கச்சி கதை. சீக்கிரம் எழுதுங்க. நிஜமாவே காத்துக்கிட்டு இருக்கேன்.

சுகுணா


மாயாபந்தர்,
4 ஆகஸ்ட்

அன்புள்ள சுகுணா,

உன் லெட்டரைச் சட்டைப் பையிலேயே வச்சிருக்கேன். நாலஞ்சு தடவை படிச்சிருப்பேன்.

கடற்கரை விடுதி நடத்தும் இரு சகோதரிகளின் மௌனப் பகையை கார்ஸ்வெல் நுட்பமாகக் கையாள்கிறார். இறுதிக் காட்சியே படத்தின் உச்சம். வாசல் கதவைச் சாத்தாமல் அக்கா நடந்து போகும்போது, மன்னிப்பு என்பது ஒரு திறந்த கதவுதான் என்று புரிகிறது.

பென் டிரைவைத் திருப்பி அனுப்பியிருக்கேன். மூணாவதையும் அனுப்பு.

உன் உதயசூரியன்


மரைன் ஹில்,
12 ஆகஸ்ட்

உதயசூரியன் அவர்களுக்கு,

நீங்க அந்தக் கடைசிக் காட்சியைப் பத்தி எழுதினதைப் படிச்சுட்டு, மறுபடி பார்க்க ஆசையா இருந்துச்சு. நீங்க அனுப்பின பென் டிரைவையே போட்டேன். அக்காவும் தங்கச்சியும் பெட்டி கட்டுறாங்க. அதோட நின்னுடுச்சு. நான் காப்பி பண்ணினப்பவே முழுசா ஏறல போல. கடைசி இருபது நிமிஷம் அதுல இல்லவே இல்லை. எந்தக் கதவைங்க பார்த்தீங்க?

நெட்ல தேடினேன். படம் பார்த்தவங்க கருத்து எழுதுற பக்கம் ஒண்ணு இருக்கு. திறந்த கதவு அங்கே ஒருத்தர் இங்கிலீஷ்ல எழுதினது. விருந்தாளி மழை கனடாவில் யாரோ ஒரு பொம்பளை எழுதினது. அவ பேருக்குக் கீழே அது இருந்ததைப் பார்த்துட்டு போனைக் கவுத்து வச்சுட்டேன்.

ஏன்னு மட்டும் சொல்லுங்க.

சுகுணா


மாயாபந்தர்,
19 ஆகஸ்ட்

சுகுணா,

தப்புதான். ரெண்டு படமும் பத்து நிமிஷத்துக்கு மேல பார்க்கல. மத்தவங்க எழுதினதை போன்ல தமிழாக்கிப் பார்த்து எழுதினேன்.

ஏன்னா பயம். போர்ட்பிளேர்ல உன் கூட வேலை செய்ற டீச்சருங்க வீட்டுக்கு வந்தப்ப, ஒரு படத்தைப் பத்தி நான் ஏதோ சொன்னேன். அவங்களுக்கு முன்னாடி நீ சிரிச்சே. எங்க அப்பா அம்மா சிலோன் தோட்டத்துல இருந்து கச்சால் தீவு ரப்பர் காட்டுக்குக் கூலி வேலைக்கு வந்தவங்க. நான் படிச்சது பன்னிரண்டு. அடுத்த மாசமே மாயாபந்தருக்கு எழுதிக் கொடுத்தேன். அந்தச் சிரிப்புக்காகத்தான் போனேன். உன்கிட்ட இதுவரைக்கும் சொன்னதில்லை.

நேத்து லீவு போட்டு, இன்னும் என்கிட்டயே இருக்கிற முதல் படத்தை முழுசா பார்த்தேன். நிஜத்தைச் சொல்றேன், ஏக்தம் போர், உட்காரவே முடியல. பதினோரு நிமிஷம் ஒரு மனுஷன் முட்டை வேக வைக்கிறான். கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டே இருந்தேன். ஆனா வெந்ததை ரெண்டா வெட்டி, பாதியை எதிர்த் தட்டுல வச்சுட்டு, அப்புறம் ஞாபகம் வந்து திருப்பி எடுத்துக்கிறான் பாரு. எழுந்து போய் முகம் கழுவிட்டு வந்தேன். இங்க நானும் எத்தனையோ நாள் ரெண்டு டம்ளர் டீ போட்டிருக்கேன். அவன் பொண்டாட்டி செத்துட்டா. நீ உயிரோட இருக்கே. அப்புறம் நான் ஏன் இங்க உட்கார்ந்திருக்கேன்?

என் கருத்து இவ்வளவுதான்.

உதயன்


மரைன் ஹில்,
29 ஆகஸ்ட்

என்னங்க,

முட்டையைப் பத்தி எழுதினது நீங்கதான். அதுல எனக்குச் சந்தேகமே இல்லை. படிச்சுட்டு முதல்ல சிரிச்சேன், பிறகு அழுதேன். கார்ஸ்வெல்லைப் பத்தி இத்தனை பேர் எழுதியிருக்காங்க, இப்படி ஒருத்தரும் எழுதல.

அன்னைக்கு நான் சிரிச்சது உண்மை. தப்பு என் மேலதான். ஆனா அதை நாலு வருஷம் உள்ளேயே வச்சிருந்தீங்களே, பாவி மனுஷா! ஒரு நாள் திட்டியிருந்தா காலைப் பிடிச்சிருப்பேனே.

உங்க மேல கோபம் போயிடுச்சு. என் மேலதான் போகல. இருபத்தி மூணு வருஷம் உங்களோட வாழ்ந்தவ. யாரோ ஒரு கனடாக்காரி பேசினதை உங்க பேச்சுன்னு நம்பி ஊரெல்லாம் படிச்சுக் காட்டியிருக்கேன். உங்க குரல் எனக்கு அடையாளம் தெரியல. உங்க சொந்தப் பேச்சு என்கிட்ட எடுபடாதுன்னு உங்களையும் நினைக்க வச்சிருக்கேன். இப்படி இருந்துக்கிட்டு எப்படிச் சேர்ந்து குடும்பம் நடத்துறது? எனக்கு வழி தெரியலைங்க. நேத்து கையெழுத்துப் போட்டுட்டேன்.

கப்பல் அடுத்த மாசம் பதினெட்டாம் தேதி காலையில ஹாடோ துறைமுகத்துல இருந்து கிளம்புது. உங்க சட்டை, சர்டிபிகேட் எல்லாம் வின்சென்ட் அண்ணன் மூலமா அனுப்பி வைக்கிறேன்.

வழியனுப்ப வராதீங்க. நீங்க வந்து நின்னா நான் ஏற மாட்டேன்.

சுகுணா