கரும்புத் தோகை படத்தில் வரும் கடிதம்

2025 ஜூலை 2, புதன்

மணிமாறன் டீக்கடையில் இன்று காலையிலேயே சண்டை. போன வாரம் வந்த பேய்ப் படத்துக்காக. "பேய் இன்னா பண்ணும் பாவம்? அதுக்கு ஒரு வேலையும் குடுக்காம ரெண்டரை மணி நேரம் வூட்டுக்குள்ளயே சுத்த வுட்டுட்டானுங்க" என்றான் மணிமாறன். எனக்குப் பிடித்திருந்தது. பயந்தேன், அதற்குத்தானே போனேன் என்று சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள்.

பிறகு செய்தித்தாளை என் பக்கம் தள்ளினான். "தொம்மையண்ணே, நீதான் இப்போ படிக்கிற ஆளாச்சே, அடுத்து இன்னா படம்னு சொல்லு." கிண்டல்தான். ஆனாலும் விரலை வைத்துப் படித்தேன். விழுப்புரத்தில். வெள்ளி முதல். காலைக் காட்சி மட்டும். மறு வெளியீடு. கரும்புத் தோகை.

டீயைக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

ஜூலை 3, வியாழன்

நேற்றே இதை எழுதியிருக்க வேண்டும். ஒரு பக்கம் எழுத எனக்கு ஒரு மணி நேரம் ஆகிறது. விரல் மரத்துப்போகிறது. எழுதி முடித்துத் திரும்பப் படித்தால் நான் பேசியது அப்படியே அங்கே உட்கார்ந்திருக்கிறது. அறுபத்தொன்பது வயதில் இப்படி ஒன்று கிடைக்கும் என்று யார் சொன்னார்கள்?

விழுப்புரம் கமிட்டியில், விளைச்சலை ஏலம் விடும் மண்டியில், நான் மூட்டை தூக்கிய காலம். காணை ஊரிலிருந்து மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, கொண்டுவருவான் அரங்கநாதன். சொந்தக் காணிக்காரன். நான் கூலி. ஆனால் வெள்ளிக்கிழமை ஆனால் இருவரும் ஒரே பெஞ்சு. பதினேழு வருஷம் ஒரு படம் விட்டதில்லை.

கரும்புத் தோகை வந்தது 2003இல். அதில் ஒரு பெண் விடியற்காலையில் அடுப்படியில் ஒரு கடிதம் வைத்துவிட்டு வீட்டை விட்டுப் போவாள். புருஷன் எடுத்துப் படிப்பான். திரை முழுக்க அந்தக் கடிதம் மட்டும் நிற்கும். யாரும் வாய் திறந்து படிக்கமாட்டார்கள். இசை மட்டும்தான்.

எனக்கு அப்போது ஓர் எழுத்துகூடத் தெரியாது. வெளியே வந்து கமிட்டி வாசலில் எல்லோர் முன்னாலும் சொன்னேன்: "வேற ஒருத்தனோட போறேன்னு எழுதி வெச்சிட்டுப் போயிட்டா." அரங்கநாதன், "இல்லடா, அவளுக்கு ஏதோ நோவு. சாவறதுக்குப் போறா" என்றான். "நான் படிச்சேண்டா!" என்று கத்தினேன். பொய். அவன் விடவில்லை. நானும் விடவில்லை. கடைசியில் என் வாயில் இது வந்தது: "ஓடிப்போனவளுக்கு ஏண்டா இந்தப் பரிவு? உன் தங்கச்சி அம்சவள்ளி போனாளே, அதனாலயா?"

அம்சவள்ளி அதற்கு முந்தின வருஷம்தான் புருஷன் வீட்டை விட்டு வந்து பிரம்மதேசத்தில் தனியாக இட்லிக் கடை போட்டிருந்தாள்.

அரங்கநாதன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனான். அதன் பிறகு நாங்கள் பார்த்துக்கொள்ளவே இல்லை, இருபத்திரண்டு வருஷம் ஆகிறது.

அந்தக் கடிதத்தில் என்னதான் எழுதியிருந்தது?

ஜூலை 4, வெள்ளி

போனேன். பஸ்ஸில் போகும்போது வழியெல்லாம் பலகைகள். மயிலம் தாண்டும்வரை ஒன்று விடாமல் படித்தேன்.

படம் தொடங்கியதும் பெயர் வந்தது. கரும்புத் தோகை. ஏழெட்டு வாட்டி பார்த்த படம், அதன் பெயரை இன்றுதான் கண்ணால் பார்க்கிறேன். உடம்பு சிலிர்த்துவிட்டது. அப்புறம் வரிசையாக ஆட்கள் பெயர். ஒரு படத்துக்கு இத்தனை பேர் வேலை செய்கிறார்களா! தையற்காரனுக்குக்கூடப் பெயர் போடுகிறார்கள்.

கடிதம் வந்தது. அவசரத்தில் முதல் எழுத்தே மங்கலாகத் தெரிந்தது. உ. லை. யில். "உலையில் அரிசி போட்டிருக்கிறேன், இறக்கிவிடுங்கள்."

அவ்வளவுதான் முடிந்தது. கடிதம் போய்விட்டது. திரையில் புருஷன் முகம்.

ஓடிப்போகிறவள் உலை வைப்பாளா?

ஜூலை 5, சனி

மணிமாறன் சொல்கிறான், "போன்ல தேடினா அந்தக் கடுதாசியே வந்துடும்ணே, ஜல்தியா பார்த்துடலாம்." வேண்டாம் என்றேன். என் கண்ணால் படித்துத்தான் தீர வேண்டும். பொய்யாகப் படித்தவன் நான்தானே.

ஜூலை 6, ஞாயிறு

பூசை முடிந்ததும் பஸ் ஏறினேன். என் வீட்டுக்காரி சூசை மேரி, கோயில் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "அதே படத்துக்கா? அந்தக் கதாநாயகி உனக்கு இன்னா அத்தை மகளா?" அவளுக்கு இந்தக் கதை எதுவும் தெரியாது. இத்தனை வருஷம் அவளிடமும் சொல்லவில்லை.

இன்று முதல் வரியைத் தொடவே இல்லை. நேராக இரண்டாவது. "செவலைப் பசு இன்றோ நாளையோ கன்று போடும்." மூன்றாவது: "உங்கள் மேல் கோபம் இல்லை என்று சொன்னால் அது பொய்."

கீழே இன்னும் இரண்டு வரி. காட்சி மாறிவிட்டது. எனக்குப் பின்னால் இருந்தவன், "யோவ் பெருசு, வாய்வுட்டுப் படிக்காதய்யா, பேஜாரா கீது" என்றான். படிப்பது வெளியே கேட்டிருக்கிறது! அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். உள்ளுக்குள் சந்தோஷம்தான்.

ஜூலை 7, திங்கள்

இன்று கீழேயிருந்து தொடங்கினேன்.

"அண்ணன் வீட்டில் இருப்பேன்.
வந்து கூப்பிட்டால் வருவேன்."

இதுதான். இவ்வளவுதான்.

அவன் போய்க் கூப்பிடவில்லை. கடிதத்தை மடித்துக் கூரையில் செருகிவிட்டுக் கரும்பு வெட்டப் போகிறான். கடைசிக் காட்சியில் தலை நரைத்து, அதே கழனியில், தனியாக. இத்தனை வாட்டி அந்தக் காட்சியைப் பார்த்தபோதெல்லாம் அவனுக்காகத்தான் அழுதேன். துரோகம் செய்தவளை நினைத்துத் தேய்ந்துபோனான் என்று. இன்று அழுகை வேறு பக்கம் திரும்பிவிட்டது. வந்து கூப்பிடு என்று நாலு வார்த்தையில் எழுதி வைத்திருக்கிறாளே! படிக்கத் தெரிந்தவன்தானே அவன்!

அதே படம்தான். ஓர் இடம்கூட மாறவில்லை. ஆனால் நான் பார்த்தது வேறு படம். எப்படி இது?

கோபத்தில் போன ஒரு பெண்ணுக்கு நான் என்னவெல்லாம் பேர் வைத்தேன். படத்துப் பெண்ணுக்குக் கேட்டிருக்காது. அம்சவள்ளிக்கு?

மாதாவே.

ஜூலை 8, செவ்வாய்

காணைக்குப் போனேன்.

அரங்கநாதன் கழனியில் மடை திருப்பிக்கொண்டிருந்தான். பாதியாக இளைத்திருக்கிறான். நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்தான்.

"நான்தான், தொம்மை."

"கண்ணு நல்லாத்தான் தெரியுது. இன்னா விஷயம்?"

"கரும்புத் தோகை பத்திப் பேசணும்."

"இருவத்திரெண்டு வருஷம் கழிச்சி வந்து படத்தப் பத்திப் பேசுறானாம்!"

வரப்பில் நின்றுகொண்டே ஐந்து வரியையும் சொன்னேன். மனப்பாடம். மண்வெட்டியைப் பிடித்தபடி கேட்டான். தண்ணீர் வேறு பாத்திக்கு ஓடியது, அவன் கவனிக்கவில்லை.

"வந்து கூப்பிட்டா வருவேன்னா எழுதியிருக்கா?"

"ஆமா."

"அந்த நாயி போகவே இல்லியேடா."

"போகல."

மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு, "ஆமா, நீ அன்னிக்கே படிச்சேன்னு சொன்னியே?" என்றான். எனக்கு அப்போது எழுத்தே தெரியாது, போன வருஷம் மாலை வகுப்பில் மெர்லின் டீச்சரிடம்தான் படித்தேன் என்று சொன்னேன். சொல்லிவிட்டு அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

"அடப்பாவி. எனக்குக் கையெழுத்துக்கு மேல ஒண்ணும் தெரியாதுடா. நானா மனசுல ஒரு கடுதாசிய எழுதிக்கினு பேசினேன். நீ படிச்சவன் மாதிரி சொல்லிக்கினே இருந்ததால கடைசில வாய மூடிக்கினு வந்துட்டேன்."

அதோடு நிறுத்தியிருந்தால் இருவரும் சிரித்திருப்போம். அவன் நிறுத்தவில்லை.

"அவ அப்படின்னா, நம்ம அம்சாவும் அப்படித்தானோன்னு தோணிப்போச்சி. அன்னிலேர்ந்து நான் பிரம்மதேசம் போவுறதில்ல, தொம்மெ. தங்கச்சி வூட்டு வாசல மிதிக்கல."

வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். என் ஒரு பொய் இவ்வளவு தூரம் நடந்து போயிருக்கிறது. எனக்குத் தெரியவே தெரியாது.

"எழுந்திரு. ஈரம்" என்றான்.

ஜூலை 10, வியாழன்

படம் ஓடும் கடைசி நாள். அரங்கநாதன் வந்தான், வெள்ளை வேட்டியில். டிக்கெட் அவன்தான் எடுத்தான். கடிதம் வந்ததும் என் தொடையைத் தட்டி, "படிடா" என்றான். ஐந்து வரியையும் நிற்காமல் படித்தேன். இன்று யாரும் திட்டவில்லை. முன்சீட்டுக் கிழவி ஒருத்தி திரும்பி, "இன்னொரு வாட்டி சொல்லு சாமி" என்றாள்.

வெளியே வந்து பஸ் நிலையம் வரை நடந்தோம். அப்புறம், "ஞாயித்துக்கெழம உனக்கு வேலயா? இந்த வாரம் வேணாம். அடுத்த வாரம்" என்றான். எங்கே என்று நானும் கேட்கவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

பிரம்மதேசம். கோயில் தாண்டிக் கடை. அம்சவள்ளிக்குத் தலை முழுக்க நரைத்திருக்கிறது. அண்ணனைப் பார்த்ததும் கரண்டியைக் கீழே வைத்தாள். "உக்காருண்ணா" என்றாள். நேற்றுத்தான் வந்து போனவனிடம் சொல்வதுபோல. இரண்டு தட்டில் இட்லி வைத்தாள்.

அவன் பேசமாட்டான் என்று தெரிந்தது. நான் சொன்னேன். 2003, கமிட்டி வாசல், நான் சொன்ன வார்த்தை, நான் படிக்காத கடிதம் எல்லாம்.

"தெரியும்ணே. நீ பேசின பேச்சு அந்த வாரமே பஸ் ஏறி இங்க வந்துடுச்சி" என்றாள். "அந்தப் படத்த நானும் பார்த்தேன், திண்டிவனத்துல. அஞ்சாவது வரைக்கும் படிச்சவ நான். கடுதாசிய அன்னிக்கே படிச்சிட்டேன்."

எனக்கு வெட்கம் ஒரு பக்கம். ஆனால் அந்தப் படம் பார்த்த இன்னொரு ஆளிடம் கேட்காமல் இருக்க முடியுமா?

"படம் எப்படி இருந்துச்சி உனக்கு?"

அவள் யோசித்தாள். "அவ எழுதியிருக்கக் கூடாது. வந்து கூப்புடுன்னு எழுதிட்டா, அப்புறம் வாசலையே பாத்துக்கினு கெடக்கணும்." சாம்பார் ஊற்றினாள். "நான் எழுதல. எழுதாமயே பாத்துக்கினு கெடந்தேன்."

அரங்கநாதன் கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டிருந்தான். பிறகு, "வூட்டுக்கு வா அம்சா" என்றான். மறுபடி சொன்னான்.

"வியாபாரத்த வுட்டுட்டு எப்படி வர்றது? இட்லி ஆறுது, சாப்புடு."

வருகிறேன் என்று சொல்லவில்லை. வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. பஸ்ஸில் நாங்கள் இருவரும் அதையே பேசிக்கொண்டு வந்தோம். ஐம்பது வருஷமாகப் படம் பார்க்கிறேன். இவள் சொன்னது போல ஒரு கருத்தை எந்த டீக்கடையிலும் கேட்டதில்லை.

ஜூலை 27, ஞாயிறு

அரங்கநாதன் போன் செய்தான். மல்லாட்டை பிடுங்குகிறார்களாம், ஆள் கிடைக்கவில்லையாம். பின்னால் அம்சவள்ளியின் குரல் கேட்டது. மாட்டை யார் இந்தப் பக்கம் கொண்டுவந்து கட்டியது என்று யாரையோ அதட்டிக்கொண்டிருந்தாள்.