மழை ஆபீசரின் முதல் கேள்வி

என் குஞ்சு,

உன் காரியம் முடிந்து உறவெல்லாம் ஊர் திரும்பியாயிற்று. வீட்டில் நானும் உன் தங்கை அல்லியும்தான். எழுத்துக்கூட்டி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

பன்னிரண்டாவது தேறிவிட்டாள். மேலே என்ன படிக்கலாம் என்று கேட்க இன்று அவளை உன் வேலைவாய்ப்பு ஆபீசுக்குக் கூட்டிப்போனேன். உன் நாற்காலியில் சோமசேகரன் சார் இருந்தார். யோசனை கேட்டு வரும் பிள்ளைகளிடம் நீ மழையையும் ஆற்றையும் பேசுகிறாய் என்று உனக்கு ‘மழை ஆபீசர்’ என்று பேர் வைத்தவர் அவர்தானே? “வந்தவனுக்கு வேலையச் சொல்லுய்யா, வானத்த ஏன் காட்டுற?” என்பாராம். நீயே சொல்லிச் சிரிப்பாய்.

அவர் அல்லியிடம் மார்க்கைக் கேட்கவில்லை. “உங்க நெடுங்காட்டு வயலுக்குத் தண்ணி எப்பம்மா வந்துச்சு?” என்றுதான் முதலில் கேட்டார்.

“ஆடி பொறந்தும் வரல சார். குறுவை போச்சு.”

“மழை இனிமே முன்ன மாதிரி இருக்காதுன்னு உங்கண்ணன் சொன்னப்ப சிரிச்சேன். இப்ப வர்ற புள்ளைங்ககிட்ட எல்லாம் அவரு கேட்டதத்தான் நானும் கேக்குறேன்” என்றார்.

நான் எழுந்து நின்று, “அவன் என் மவன் சார்” என்றேன், ஏதோ அவருக்குத் தெரியாதது போல. அல்லி என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். இழுக்கட்டும் என்று நின்றேன்.

மண்ணையும் நீரையும் பற்றிக் கோயம்புத்தூரில் ஒரு படிப்பு இருக்கிறதாம். விடுதியில் தங்க வேண்டும். நீ முன்பே அவளிடம் சொல்லிவைத்த படிப்புதானாம். “போயிட்டு வாடி” என்று சொல்லிவிட்டேன். உன்னைப் பெற்றவள் வேறென்ன சொல்வாள்?

அவளும் போனபின் அந்தியானால் நான் யாருக்கு உலை வைக்கட்டும், சொல்லு?

உன் அம்மா