கடைசி சீட்டில் முகம் கிடையாது

ஊறுகாய்க் கரண்டி இன்று காலையில் அகப்பட்டது. உன் அண்ணன் கடையில் பெரிய ஜெராக்ஸ் மெஷினுக்கும் சுவருக்கும் இடையில், தூசியும் காகிதத் துணுக்குமாகக் கிடந்தது. துப்பட்டாவால் துடைத்தேன். துடைக்கத் துடைக்க எலுமிச்சை ஊறுகாய் வாசனை எழும்பியது. எவ்வளவு கழுவினாலும் போகாத வாசனை. உன் ஆத்தா அடுப்படியில் நின்று "கரண்டிய எவடி எடுத்தா?" என்று சத்தம் போட்டுக்கொண்டிருக்கும், நீ கடைக்குள் உட்கார்ந்து அதே கரண்டியின் முதுகால் காகித மடிப்பைத் தேய்த்துக்கொண்டிருப்பாய். நம் இதழின் முதல் பிரதிகளில் மடிப்போரமெல்லாம் லேசான எண்ணெய்க் கறை. "ருசி சேர்ந்த இலக்கியம்டி" என்று சொல்லிச் சமாளித்தாய்.

நீ போய் வருஷம் ஒன்று ஆகப்போகிறது. இத்தனை நாள் ஒளிந்திருந்த கரண்டி இன்றைக்கா கிடைக்க வேண்டும்? நாளை ஞாயிற்றுக்கிழமை, புதுக்கோட்டையில் கையிதழ்த் திருவிழா. தாங்களே வரைந்து, தாங்களே எழுதி, ஜெராக்ஸ் போட்டு மடித்து விற்கிற நம்மைப் போன்ற கிறுக்குகள் எல்லாரும் ஒரு கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் கூடுகிறோம். பந்தி போடுகிற மேசைதான் கடை. நமக்கும் ஒரு மேசை ஒதுக்கியிருக்கிறார்கள். இப்படி ஒன்று நம் பக்கத்தில் நடக்காதா என்று வாய் ஓயாமல் கேட்டவள் நீ. இப்போது நடக்கிறது. எனக்கோ எங்கேயாவது ஓடிவிடலாம் போல இருந்தது.

ஏன் என்று சொல்கிறேன், சிரிக்காமல் கேள்.

உன் அண்ணன் உனக்கு நினைவு மலர் போடுகிறார். அதையும் தனியாகப் போடவில்லை. நம் "கடைசி சீட்" இதழையே மலராக்குகிறார். முதல் பக்கத்தில் உன் முகம், சுற்றிலும் தங்க நிறக் கட்டம், இரண்டு ஓரத்திலும் குத்துவிளக்கு. கீழே "கண்ணீருடன்" என்று போட்டு, பெரியப்பா சித்தப்பாவிலிருந்து துபாயில் இருக்கிற மச்சான் வரைக்கும் பேர் வரிசை. படம் எது தெரியுமா? உன் ஆதார் படம். நீ வேறு எந்தப் படத்துக்கும் நின்று கொடுத்ததில்லையே, அதைத்தான் பெரிதாக்கியிருக்கிறார். "கோழி திருடி மாட்டுனவ மாதிரி இருக்கேன்" என்று நீயே சொல்லிச் சிரித்த படம்.

மேசைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு, அந்தப் படத்தை மாலையோடு வைக்கவும் ஏற்பாடு. திருவிழாவை நடத்துகிற ஆவூர் டீச்சருக்கும் அதில் சம்மதம். "வர்றவங்க எல்லாம் ஒரு நிமிஷம் நின்னுட்டுப் போவாங்க. நீங்க பக்கத்துல இருந்தா போதும்ங்க" என்று போனில் சொன்னார். இருந்தால் போதுமாம். நான் என்ன குத்துவிளக்கா என்று கேட்க நாக்கு நுனி வரைக்கும் வந்தது. கேட்கவில்லை.

நம் இதழ் எப்படி ஆரம்பித்தது என்று நினைத்துப் பார்க்கிறேன். நாம் வேலை பார்த்த புதுக்கோட்டை ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்க வைப்பார்கள். கொஞ்சம் சுவரில் சாய்ந்தாலே சூப்பர்வைசர் முறைப்பார். அதனால் கந்தர்வக்கோட்டை திரும்புகிற சாயங்கால பஸ்ஸில் ஒரு சீட் என்பது நமக்கு உயிர். பஸ் நிற்பதற்கு முன்னாலேயே அதோடு ஓடி, ஜன்னல் வழியாகப் பையை எறிந்து இடம் பிடிப்பது உன் வேலை. கடைசி சீட்டில் ஜன்னலோரம் உனக்கு, பக்கத்து இடம் எனக்கு. நான் பில் கவுண்டரை ஒப்படைத்துவிட்டு ஆடி அசைந்து வருவேன். அதற்குள் அந்த இடத்துக்கு எத்தனையோ பேர் "ஆளு வருதா?" என்று கேட்டிருப்பார்கள். "வருது, வருது" என்று பையை அணைத்துக்கொண்டு நீ சண்டை போட்டிருப்பாய். ஒரு நாள் ஒரு பெரியவர், "அப்படி யாரும்மா வாரா, கலெக்டரா?" என்று கேட்க, "அதுக்கும் மேல, எழுத்தாளரு" என்றாயாம். நான் படியேறினதும் பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அன்றைக்குப் போன மானம் இன்னும் திரும்பி வரவில்லை.

கடைசி சீட்டிலிருந்து பார்த்தால் யாருடைய முகமும் தெரியாது, பிடரிதான் தெரியும். நீ அதைத்தான் வரைந்தாய். கனகாம்பரம் வாடிய கொண்டை, வியர்வையில் ஒட்டிய காலர், முந்திரித் தோப்பில் வேலை முடித்து வருகிறவர்களின் முண்டாசு. அந்தத் தலைகள் பேசிக்கொண்டதை நான் எழுதினேன். முகத்தையும் போடு, இன்னும் நாலு பேர் வாங்குவார்கள் என்று நான் சொன்னபோது, "முகத்தப் போட்டா அது அவுங்க கதையாயிரும்டி. பிடரின்னா யாரு வேணாலும் தன்னுதுன்னு நெனச்சுக்கிடலாம்" என்றாய்.

காய்ச்சல் என்று தஞ்சாவூருக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். நீ திரும்பி வரவில்லை. காரியம் முடிந்த பிறகு அண்ணன் என் வீட்டுக்கு வந்தார். "நீ நம்ம கடைக்கே வந்துரும்மா. நீ இருந்தா அவ இருக்க மாதிரியே இருக்கும்" என்றார். அழுதுகொண்டே கேட்கிற மனிதரிடம் என்ன சொல்வது? வந்துவிட்டேன். லீவு நாளில் நீ உட்காரும் அதே ஸ்டூல். எதிர்ச் சுவரில் அந்த ஆதார் படம், அதற்குச் சந்தனப் பொட்டு, மினுக்மினுக்கென்று சீரியல் பல்பு. காலையில் கடை திறந்ததும் ஊதுபத்தி. டீ வாங்கினால் உனக்குப் பிடித்த மாதிரி சர்க்கரை தூக்கலாக எனக்கு வரும். எனக்குச் சர்க்கரை ஆகாது என்று நான் வாயைத் திறக்கவில்லை. பஸ் இல்லை, பிடரி இல்லை, காதில் விழுகிற பேச்சு இல்லை. கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் முகத்தோடு வருகிறார்கள், கையில் ஆதாரோடும் வருகிறார்கள். ஒரு வரிகூட எழுதவில்லை.

எனக்கு மூச்சு முட்டியது. அடித்துக் கட்டிப்போட்டால் கத்தலாம். அன்பாகக் கட்டிப்போட்டால் கத்தவும் வழியில்லை. நீ மட்டும் தப்பித்துப் போய்விட்டாய் என்று உன் மேல் ஆத்திரம் வந்த நாள் உண்டு. அதில் மிச்சம் இன்னும் இருக்கிறது.

இன்று காலை, கரண்டியைத் துடைத்து நிமிர்ந்தபோதுதான், "ஏம்மா, இங்கிட்டு வா. சரியா இருக்கான்னு பாரு, அடிச்சிரலாம்" என்று அண்ணன் கம்ப்யூட்டர் திரையைத் திருப்பிக் காட்டினார். கல்யாணப் பத்திரிகை அடித்துப் பழகிய கை அல்லவா, ஒரே தாளில் எட்டுப் பக்கத்தையும் அழகாக நிமிர்த்தி அடுக்கியிருந்தார். அதுதான் தப்பு. நம் இதழ் ஒரே தாள், நடுவில் கத்தியால் ஒரு கீறல், பிறகு மடிப்பு. மேல் வரிசைப் பக்கங்கள் தலைகீழாக இருந்தால்தான் மடித்த பிறகு நிமிர்ந்து நிற்கும். நாமே முதல் இதழில் இப்படித்தானே ஏமாந்தோம். பாதியைச் சிரசாசனம் செய்துதான் படிக்க முடியும் என்று அத்தனையையும் கிழித்தோம். அண்ணன் உன் முகத்தை மேல் வரிசையில் வைத்திருந்தார். மடித்தால் நீ தலைகீழாகத் தொங்குவாய்.

நான் பேசாமல் இருந்தால் போதும். அவ்வளவும் பாழாகிவிடும், மறுபடி அடிக்க நேரம் இருக்காது. மலரும் இல்லை, கண்ணீருடனும் இல்லை. அந்த நினைப்பு வந்தது, உன்னிடம் சொல்ல என்ன வெட்கம்? ஆனால் உன்னைத் தலைகீழாகத் தொங்கவிட்டுத்தானா நான் தப்பிக்க வேண்டும்? "அண்ணே, அடிக்காதீங்க. மடிச்சா படம் தலைகீழா வந்துரும்" என்று சொல்லிவிட்டேன்.

அவர் திரைக்குப் பக்கத்தில் குனிந்தார். "எப்படிம்மா வரும்? நேராத்தான இருக்கு?"

நம் பழைய இதழ் ஒன்றை எடுத்து முழுத் தாளாக விரித்தேன். கரண்டியால் ஒவ்வொரு மடிப்பாகத் தேய்த்து இதழாக்கி அவர் கையில் கொடுத்தேன். நாம் போட்ட இதழ் அத்தனையும் அவர் மெஷினில் ஓடியதுதான். ஒன்றைக்கூட அவர் மடித்துப் பார்த்ததில்லை. தாளாகவே பார்த்து, தாளாகவே கட்டிக் கொடுத்திருக்கிறார். இப்போதுதான் பக்கம் பக்கமாகத் திருப்பினார். ஓரிடத்தில் நின்றார். டிவிஎஸ் ஓட்டுகிற ஒருவரின் முதுகு. பின்சீட்டிலிருந்து பார்த்த பிடரி. காலருக்கு வெளியே துருத்திக்கொண்டிருக்கும் சட்டை லேபிள்.

"இது நாந்தான?"

"ஆமாண்ணே."

"இந்த லேபிள உள்ள தள்ளுடின்னு எத்தன தடவ சொல்லிருப்பேன். சிரிச்சுக்கிட்டே வருவா, தள்ள மாட்டா." அவர் கை தன்னால் கழுத்துக்குப் பின்னால் போய் லேபிளைத் தேடியது. பிறகு மீதிப் பக்கங்களையும் திருப்பினார். "அவ மூஞ்சி எங்கயுமே இல்லையாம்மா?"

"யாரு மூஞ்சியும் இல்லண்ணே. அவ போட விட மாட்டா." அந்த வேகத்திலேயே மிச்சத்தையும் சொன்னேன். "மலர் வேணாம்ண்ணே. நாற்காலியும் வேணாம்."

அவர் இதழை மூடினார். "நாற்காலி சும்மா கெடக்குமேம்மா" என்றார்.

"யாராச்சும் உக்காரட்டும்ண்ணே."

"அது சரி. ஆத்தாட்ட என்னத்தச் சொல்ல? பேப்பர்ல அவ மூஞ்சியப் பாக்கணும்னு காத்துக் கெடக்கு."

பார்த்தாயா, ஒரு கதவு திறந்தால் அதற்குப் பின்னால் இன்னொரு கதவு. உன் ஆத்தாவிடம் போய் வேண்டாம் என்று சொல்ல அவராலும் முடியாது, என்னாலும் முடியாது. கடைசியில் தாளின் பின்பக்கம்தான் கைகொடுத்தது. நாம் எப்போதும் வெறுமையாக விடுகிற பக்கம். மடித்தால் உள்ளே போய்விடும். அங்கே உன் முகத்தை முழுத் தாளுக்கும் அடித்தோம். கட்டமில்லை, விளக்கில்லை, பேர் வரிசையுமில்லை. முன்பக்கத்தில் நீ வரைந்து இன்னும் போடாத பிடரிகள், பக்கத்தில் அன்றைக்கே நான் எழுதி வைத்திருந்தது. ஒரு தாளை மடிக்காமல் உன் ஆத்தாவிடம் கொடுத்தோம். ஆத்தா கையால் தடவிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கா" என்று சொல்லி நடுவீட்டுச் சுவரில் ஒட்டச் சொன்னது.

மற்ற தாளில் எல்லாம் நீ உள்ளே. உன் முகம் மறையும்படி ஒவ்வொன்றாக மடித்துத் தேய்க்கும்போது, உன்னைக் காப்பாற்றுகிற மாதிரியும் இருந்தது, பூட்டுகிற மாதிரியும் இருந்தது. எது என்று எனக்கு இப்போதும் தெரியவில்லை. யாராவது முழுக்க விரித்தால் பார்த்துக்கொள்ளட்டும். அண்ணனும் பக்கத்தில் உட்கார்ந்து மடித்தார். கரண்டி கேட்டார், தரவில்லை. வீட்டிலிருந்து வேறு எடுத்து வரச் சொன்னேன். டீ வந்தது.

"அண்ணே, எனக்குச் சர்க்கரை வேணாம்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "இத்தன நாளும் குடிச்சியேம்மா?"

"குடிச்சேண்ணே" என்றேன்.

சாயங்காலம் இதழ்க் கட்டை மண்டபத்தில் கொண்டுபோய் வைக்கப் புறப்பட்டேன். நீ போன பிறகு நான் ஏறுகிற முதல் புதுக்கோட்டை பஸ். கால் தானாகக் கடைசி சீட்டுக்குப் போயிற்று. ஜன்னலோரம் உட்கார்ந்தேன், கட்டைக் காலடியில் வைத்தேன். பை என்னைக் கேட்காமலே பக்கத்து இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டது. பஸ் நிரம்பியது. எனக்கு முன்னால் வரிசை வரிசையாகப் பிடரிகள்.

பால் தூக்குவாளியும் கட்டைப்பையுமாக ஒரு அக்கா வந்து நின்றார். "ஆளு வருதா?"

வருது என்று வாய் வரைக்கும் வந்தது. வந்து அங்கேயே நின்றது.

"ஏம்மா, ஒன்னத்தான். ஆளு வருதா, இல்லையா?"

பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். உள்ளே கரண்டி தட்டுப்பட்டது, இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"வரலங்க," என்றேன். "உக்காருங்க."