மாதாவுக்கு நேர்ந்த எஞ்சின்

மாதா துணை

தூத்துக்குடி,
செவ்வாய்க்கிழமை

அன்பு மகன் பாஸ்கலுக்கு அப்பா எழுதிக்கொண்டது. நானும் உன் அம்மாவும் மேலுக்கு நோவு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், கடல் நடுவில் நீயும் அப்படியே இருக்கிறாய் என்று தெரிந்தால்தான் எனக்குச் சோறு தொண்டையில் இறங்கும். இது முழுக்க என் கையால் எழுதுகிற கடிதம். இதற்கு முன் உனக்கு வந்ததெல்லாம் நான் சொல்லச் சொல்ல உன் அம்மா எழுதியது, அவள் நான் சொல்லாததைச் சேர்ப்பாள், சொன்னதில் பாதியை விட்டுவிடுவாள். இப்போது கோயில் மண்டபத்தில் நடக்கிற எழுத்தறிவு வகுப்பில் ஜெபிஷா டீச்சர், இனி நீங்க தைரியமாக் கடிதம் எழுதலாம் தாத்தா என்று சொல்லிவிட்டார். ஒரு வரி எழுதுகிறேன், அதை வாசித்துப் பார்க்கிறேன், பிறகுதான் அடுத்த வரி, அதனால் நேற்றே தொடங்கிவிட்டேன். வாசிக்கிறபோது நான் பேசுகிற மாதிரியே காகிதத்தில் இருக்கிறது, அதைப் பார்க்கப் பார்க்க எனக்குச் சிரிப்பு வருகிறது. ஆனால் எழுத வந்த விஷயம் சிரிக்கிற விஷயம் இல்லை.

புன்னைக்காயல் நிக்சன் வியாழக்கிழமை கொழும்புக்குப் போய் உன் கப்பலில் ஏறுகிறான், அவன் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். போனில் பேசலாம் என்றால் உன் அம்மா முதலில் பிடுங்கிக்கொள்கிறாள், என் கைக்கு வரும்போது சிக்னல் இருக்காது, இருந்தாலும் நீ சரிப்பா சரிப்பா என்று வைத்துவிடுவாய். கடிதம் அப்படி இல்லை, முடிகிற வரைக்கும் நான் பேசலாம். போன ஞாயிற்றுக்கிழமை நீ அம்மாவிடம் சொன்னதைப் பக்கத்தில் இருந்து கேட்டேன். கொழும்பை விட்டால் கப்பல் செங்கடல் வழியாகப் போகிறது, அதற்கு முன் கேப்டன் எல்லாரிடமும் சம்மதக் கையெழுத்து வாங்குவார், எல்லாரும் போடுதாங்க, நான் மட்டும் எப்படிப் போடாம இருக்க என்று சொன்னாய். அவளுக்கு அது சரியாகக் காதில் விழவில்லை, சாப்பிட்டியா மக்கா என்று கேட்டுவிட்டாள். எனக்கு விழுந்தது. அந்தப் பக்கம் கப்பல்களை அடிக்கிறதை டிவியில் காட்டுகிறார்கள், தீ எரிகிறதையும் காட்டுகிறார்கள். எஞ்சின் ரூம் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது என்று நீதான் எனக்குச் சொன்னாய், நீ அங்கே ஃபிட்டர். அன்றைக்கு முதல் டிவி ஓடினால் நான் முற்றத்துக்குப் போய்விடுகிறேன், பிறகு என்ன சொன்னார்கள் என்று தெரியாமல் திரும்பி வருகிறேன்.

இனி எஞ்சின் கதையைச் சொல்ல வேண்டும், அதைச் சொல்லாமல் என் பயம் உனக்கு விளங்காது. நீ இந்தக் கப்பலில் ஏறின அன்றைக்கு மாதாவுக்கு நான் ஒன்று நேர்ந்துகொண்டேன், உன்னிடம் சொல்லவில்லை. கடலுக்குப் போகிறவர்களுக்காகக் கோயிலில் வெள்ளிப் படகு வைப்பார்கள், கடையில் தகட்டில் அடித்து விற்கிறதுதான், உன் அம்மா அதையே வாங்கிவிடலாம் என்றாள். நான் யோசித்துப் பார்த்தேன். படகு வைத்தால் அது மேல்தட்டில் நிற்கிறவனுக்குத்தான் சேரும், என் மகன் அடியில் எஞ்சினோடு இருக்கிறான், அவனுக்கு எஞ்சின்தான் வைக்க வேண்டும், அதுவும் தகடு இல்லை, ஓடுகிற எஞ்சின். டீசல் எஞ்சினை உள்ளங்கை அளவில் செய்ய என்னால் ஆகாது, நீராவி எஞ்சின் என்றால் ஆகும் என்று தொடங்கினேன். எங்கள் லேத் பட்டறை முதலாளி அற்புதமணி, அண்ணாச்சி, ஒங்க மவன் டீசல் கப்பல்ல இருக்கான், நீங்க கரி வண்டிக்கு எஞ்சின் செய்யுதீங்க என்று பட்டறை முழுக்கக் கேட்கச் சொன்னான். உன் அம்மா அதைச் சிரிப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. மாதா இதப் பாத்துட்டு வேற எவன் கப்பலயாவது காப்பாத்திட்டுப் போயிருவா, அப்பம் என்ன செய்வீங்க என்று கேட்டாள். அதற்காகவே சுற்றுச் சக்கரத்தின் விளிம்பில் பாஸ்கல், தூத்துக்குடி என்று உளியால் வெட்டினேன். பட்டறையில் எத்தனையோ சாமானில் எழுத்துப் பஞ்ச் அடித்தவன் நான், சீட்டில் இருக்கிற உருவத்துக்குப் பொருத்தி அடிப்பேன், என்ன அடித்தேன் என்று தெரியாது. என் கை வெட்டியதை என் கண்ணே வாசித்தது இதுதான் முதல் தடவை. உன் அம்மா விரலால் தடவிப் பார்த்து, சரி, இப்பம் அட்ரஸ் இருக்கு என்றாள்.

படத்தை ஜெபிஷா டீச்சர் எங்கிருந்தோ எடுத்து அச்சடித்துக் கொடுத்தார். அளவு எனக்கு எப்போதும் வாசிக்க வரும், எழுத்துத்தான் வராது, அதனால் ஒவ்வொரு சாமானுக்கும் பக்கத்தில் தமிழில் பெயர் எழுதிக் கொடுத்தார். உந்துதண்டு என்று ஒன்று இருந்தது. எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு, இது என்ன புது சாமான், நான் பார்த்ததே இல்லையே டீச்சர் என்றேன். பிஸ்டன் தாத்தா என்றார். வகுப்பில் இருந்த பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். மத்தியானம் ஆட்கள் சாப்பிடப் போகிற நேரத்தில் அற்புதமணி சின்ன லேத்தை எனக்கு விட்டுக்கொடுத்தான். தோணி எஞ்சினுக்கு ஆள் உயரத்துக்குத் தண்டு கடைந்த கைக்கு இந்தச் சின்ன வேலை பிடிபட மாதக்கணக்கில் ஆனது. சிலிண்டர் என் பெருவிரல் பருமன்தான், பழைய பம்பு ஒன்றின் வார்ப்பிரும்பில் கடைந்தது. பிஸ்டன் பித்தளை. வால்வுத் தண்டு ஈர்க்கு மாதிரி, டூல் பட்டதும் வளைந்துவிடும், நல்லதாக ஒன்று வருவதற்குள் சிலவற்றை வீணாக்கினேன். ஆவி போகிற துளைக்கு ஊசி மாதிரி டிரில், கை கொஞ்சம் அழுத்தினால் முறிந்து உள்ளேயே உட்கார்ந்துகொள்ளும், அப்புறம் அந்தத் துண்டை வெளியே எடுக்கிறது முழு எஞ்சினையும் திரும்பச் செய்கிற வேலை. ஒரு நாள் எள்ளளவு ஸ்குரூ ஒன்று கீழே விழுந்தது, காந்தத்தைத் தரையில் இழுத்துக்கொண்டு பட்டறை முழுக்கத் தவழ்ந்தேன். அண்ணாச்சி, அது பித்தளை ஸ்குரூல்லா, காந்தத்துல எப்படி ஒட்டும் என்று அற்புதமணி கேட்ட பிறகுதான் எழுந்தேன்.

பிஸ்டனைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கர்வம் இருந்தது. இடைவெளி என்று சொல்ல ஒன்றுமே இல்லாமல் பொருத்தியிருந்தேன், சிலிண்டரின் ஒரு வாயைப் பெருவிரலால் பொத்திக்கொண்டு பிஸ்டனை இழுத்தால் அது உன் விரலைப் பிடித்து உறிஞ்சும். எல்லாம் மாட்டி முடித்துக் கம்ப்ரசர் காற்றைக் கொடுத்தோம், சக்கரம் ஒரு தடவை திணறியது, பிறகு தையல் மெஷின் மாதிரி ஓடியது. அற்புதமணி எல்லாருக்கும் டீ வாங்கினான். உன் அம்மா தெரு முழுக்க, எம் மவனுக்கு நேர்ந்த எஞ்சின் ஓடிட்டு என்று சொல்லிவிட்டாள். ஆனால் நேர்ந்தது நீராவி எஞ்சின், காற்றில் ஓடினால் கணக்கு இல்லை. செம்புக் குழாயில் பாய்லர் செய்தேன், முதலில் உள்ளே தண்ணீர் நிரப்பிக் கைப்பம்பால் அழுத்திப் பார்த்தேன், சேஃப்டி வால்வு உரிய நேரத்தில் திறக்கிறதா என்றும் பார்த்தேன், நீ கேட்பாய் என்றுதான் இதை எழுதுகிறேன். போன சனிக்கிழமை அடுப்பைப் பற்றவைத்து ஆவியைத் திறந்தேன். ஓடியது, பாஸ்கல், புகை மாதிரி ஆவியைத் துப்பிக்கொண்டு நன்றாக ஓடியது. கொஞ்ச நேரத்தில் மெதுவானது, பிறகு சக்கரம் நின்றுவிட்டது. விரலால் தள்ளினேன், அசையவில்லை. உன் பெயர் தலைகீழாக நின்றது. அற்புதமணி தீயை அணைத்தான். மறுநாள்தான் நீ போனில் செங்கடல் என்று சொன்னாய்.

அந்த இரண்டையும் நான் சேர்த்துப் பார்க்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். பூசை முடிந்து சாமியாரிடம் போய்ச் சொன்னேன், இஞ்ஞாசி, மாதா தாயா இருக்காங்க, இன்ஸ்பெக்டரா இல்ல என்றார். அது புத்திக்கு எட்டியது, மனசுக்கு எட்டவில்லை. திங்கட்கிழமை பட்டறையில் போய் அதைத் தொட்டேன், சக்கரம் ஒன்றும் நடக்காதது மாதிரி லேசாகச் சுற்றியது. அப்போதுதான் விளங்கியது. பித்தளை சூட்டில் இரும்பைவிட அதிகமாகப் பெருகும், நான் இடமே விடாமல் கடைந்து வைத்திருக்கிறேன், குளிர்ந்த காற்றில் ஓடியது சூடு ஏறினதும் சுவரைப் பிடித்துக்கொண்டது. கழற்றினால் பிஸ்டனின் ஒரு பக்கம் உரசிப் பளபளத்தது. பெரிய எஞ்சினில் ஒரு நாளும் நான் செய்யாத தப்பு, சின்னது தானே என்று ஏமாந்துவிட்டேன். முடியளவு சீவ வேண்டும், கூடச் சீவினால் ஆவி ஒழுகும், வேறு பிஸ்டன் கடைய அந்தப் பித்தளை மிச்சம் இல்லை. லேத்தை நிறுத்திவிட்டு வெளியே போய்ச் சும்மா நின்றேன், திரும்பி வந்து சீவினேன். அளவு சரியாக இருக்கிறது. இது நின்றுபோன விஷயம் உன் அம்மாவுக்குத் தெரியாது, கோயிலுக்கு எப்பம் எடுத்துட்டுப் போகணும் என்று தினமும் கேட்கிறாள், பெயிண்ட் காயட்டும் என்கிறேன். நீயும் போனில் உளறிவிடாதே.

நிக்சனை வீட்டுக்குக் கூப்பிட்டு இந்தக் கையெழுத்தைப் பற்றிக் கேட்டேன். கட்டாயப்படுத்த முடியாது மாமா, மாட்டேன்னு சொன்னா கொழும்புலயே இறக்கி ஊருக்கு அனுப்பிரணும், அது சட்டம் என்றான். அப்புறம் ஏம்லே எல்லாரும் போடுதாங்க என்றேன். வெக்கம் மாமா, ஒருத்தன் மாட்டேன்னா மத்தவன் எல்லாம் அவன ஒரு மாதிரி பாப்பான் என்றான். நீ என்ன செய்யப் போற என்றேன், பாத்துக்கிடலாம் மாமா என்று தரையைப் பார்த்தான். சம்பளத்துக்காக நீ போடமாட்டாய், வெட்கத்துக்காகத்தான் போடுவாய், அது எனக்குத் தெரியும், ஏனென்றால் நீ என் பிள்ளை. இந்த வயதில் சிலேட்டைத் தூக்கிக்கொண்டு வகுப்புக்குப் போனபோது டீக்கடையில், ஏ, ஒண்ணாங் கிளாஸு போகுதுடோய் என்று கூப்பிட்டார்கள். கோயில் கதவு வரைக்கும் போய்த் திரும்பி வந்திருக்கிறேன். பிறகு போனேன். இப்போது அதே கடைக்காரர் கரண்ட் பில்லை என்னிடம் நீட்டி, அண்ணாச்சி, இது என்ன தேதி போட்டிருக்கு என்று கேட்கிறார். கூட வேலை பார்க்கிறவர்கள் கொஞ்ச நாள் பேசுவார்கள் மக்கா, பேசட்டும். நீ கேப்டனிடம் மரியாதையாகப் போய், நான் போகல சார், என்னை இறக்கி விட்டுருங்க என்று சொல். காரணம் கேட்டால் அப்பா வேண்டாம் என்கிறார் என்று சொல், பழியை என் மேல் போடு. கொழும்பு இங்கேயிருந்து கப்பலில் ஒரு ராத்திரிப் பயணம்தான், இவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டு நீ அந்தப் பக்கம் போகிறதை என்னால் தாங்க முடியாது.

நிக்சனிடம் அம்மா மாசிக் கருவாட்டுச் சம்பலும் மக்ரூனும் கொடுத்துவிடுகிறாள், மக்ரூன் நொறுங்காமல் மேலே வைக்கச் சொல்லியிருக்கிறேன், பொட்டலத்தைப் பிரிக்கிறதற்கு முன் இதை முழுக்க வாசித்துவிடு. உன்னையும் உன்னோடு இருக்கிற பிள்ளைகள் எல்லாரையும், கையெழுத்துப் போட்டவனையும் போடாதவனையும், மாதா தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும். நிக்சனையும் விட்டுவிடாதே, நீ மாட்டேன் என்று சொன்னால் அவனுக்கும் வாய் திறக்கும் என்று நினைக்கிறேன். கையெழுத்தை மறந்துவிடாதே, போடாதே. பிஸ்டனைத் திரும்ப மாட்டி எண்ணெய் விட்டு வைத்திருக்கிறேன், ஆனால் நான் அடுப்பைப் பற்றவைக்கவில்லை. நீ அந்தக் கடலில் இருக்கும்போது அது மறுபடியும் நின்றால் என்னால் பார்க்க முடியாது. நீ வந்து தீக்குச்சியைக் கிழி. ஓடினால் மூன்று பேரும் கோயிலுக்கு எடுத்துக்கொண்டு போவோம். நின்றாலும் பரவாயில்லை, நீ பக்கத்தில் இருப்பாய், கழற்றிப் பார்த்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
உன் வரவைப் பார்த்திருக்கும் அப்பா,
இஞ்ஞாசி பர்னாந்து