பிள்ளைக்காம்பராவில் பதினொரு பேர்

மேல் டிவிசன்,
மாத்தளை.
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் வினோஜனுக்கு அம்மா எழுதுவது,

மாரியம்மன் புண்ணியத்தில் நானும் அப்பாவும் உன் தங்கச்சியும் மேலுக்குச் சுகமாக இருக்கிறோம், நீயும் சுகமாகத்தான் இருப்பாய், போனில் நீ போட்ட படத்தைப் பார்த்தேன், கன்னம் வைத்திருக்கிறது, கழுத்தில் டை வேறு. இதையெல்லாம் போனிலேயே பேசலாம்தான். ஆனால் போனில் நீ என்னை எங்கே பேச விடுகிறாய், பாதியில் அம்மா மீட்டிங், பிறகு எடுக்கிறேன் என்கிறாய், அந்தப் பிறகு எந்தக் கிழமையில் வரும் என்று எனக்கு இன்றைக்கு வரை தெரியாது. கடிதம் என்றால் குறுக்கே பேச முடியாது பார், அதற்காகத்தான் தபால் கந்தோருக்குப் போய் உறை வாங்கி வந்து உட்கார்ந்திருக்கிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவள் எழுத்து, கோணல்மாணலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொண்டு கடைசி வரைக்கும் வாசி. நடுவில் மடித்து மேசை லாச்சிக்குள் போட்டால் எனக்குத் தெரியப் போவதில்லை, ஆனாலும் போடாதே.

அப்பாவுக்குச் சீகிரியா ஹோட்டலில் அதே பூந்தோட்ட வேலைதான், பதினைந்து நாளைக்கு ஒருமுறை வந்து போகிறார், முழங்கால் வலி இன்னும் இருக்கிறது. நீ அனுப்பின அந்தப் புத்தகம், நாட்டுப் பள்ளிக்கூடங்களையெல்லாம் ஐந்து வருசத்தில் தூக்கி நிறுத்தப் போகிறோம் என்று உன் ஒபீஸில் அடித்த திட்டப் புத்தகம், அதைப் பொலித்தீன் பையில் சுற்றி வேலை இடத்துக்கே கொண்டுபோய் வைத்திருக்கிறார் மனுசன். அதில் நம் பள்ளிக்கூடத்துப் படம் இருக்கிற பக்கத்தைத் திறந்து ஹோட்டல் வாசலில் நிற்கிற த்ரீவீல்காரர்களுக்கெல்லாம் காட்டுகிறாராம், "மகன் செஞ்ச வேல, நம்ம தோட்டத்துப் பள்ளிக்கூடத்த நாட்டுக்கே காட்டிட்டான்" என்று சொல்லிக்கொண்டு. போன கிழமை வந்தபோது விசயத்தைச் சொல்லத்தான் நினைத்தேன், அவர் அந்தப் பையை அவிழ்த்த பக்குவத்தைப் பார்த்ததும் வாய் வரவில்லை. அந்த வேலையையும் என் தலையில்தான் வைத்திருக்கிறாய்.

உன் தங்கச்சியைப் பற்றி எழுதுகிறேன், இதற்காகத்தான் இந்தக் கடிதமே. போன மாதம் தினுஷாவுக்குப் பல் காட்ட டவுனுக்குக் கூட்டிப்போனேன், அப்படியே நாவுலையில் சின்னம்மாவையும் பார்த்துவிட்டு வருவோம் என்று மாத்தளை பஸ் ஸ்டாண்டில் அவளை நிறுத்திவிட்டு, தண்ணீர்ப் போத்தல் ஒன்று வாங்கி வருகிறேன், நாவுல பஸ் வந்தால் போர்டைப் பார்த்து நிறுத்தி வை என்று சொல்லிவிட்டுப் போனேன். திரும்பி வருகிறேன், பஸ் அவள் மூக்குக்கு முன்னால் நிற்கிறது. போர்டில் தமிழில் கொட்டை எழுத்தில் நாவுல என்று இருக்கிறது. இவள் அதையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள், பஸ் புறப்பட்டுப் போயே போய்விட்டது. ஏன்டி நிறுத்தவில்லை என்று கேட்டால், "போன தடவ நம்ம போனது நீலப் பஸ்தானேம்மா, இது செவப்புல்ல" என்கிறாள். வீட்டுக்கு வந்து தமிழ்ப் புத்தகத்தைக் கையில் கொடுத்து வாசி என்றேன், தண்ணி பட்ட பாடாகச் சொல்லிக்கொண்டே போனாள். பக்கத்தில் இருந்த படத்தை என் கையால் மூடினேன். அப்படியே நின்றுவிட்டாள். படத்தைப் பார்த்துத்தான் இத்தனை நாளும் சொல்லியிருக்கிறாள் தம்பி, ஒன்பது வயதுப் பிள்ளை, நாலாம் வகுப்பு. கையை எடுத்துவிட்டு அழாதே என்றேன், அவள் அழவில்லை, நான்தான் அழுதேன்.

இனிப் போன வருசத்துக் கதைக்கு வா. உங்கள் ஆட்கள் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் வாசிப்பைப் பார்க்க வருகிறார்கள் என்று கடுதாசி வந்தவுடனே நீ எனக்குப் போன் எடுத்தாயே, நினைவிருக்கிறதா. நான் மறக்கவில்லை. "அம்மா, ஒபீஸ்ல எல்லாருக்கும் அது என் ஊர்ப் பள்ளிக்கூடம்னு தெரியும், மானத்த வாங்கிடாதீங்க" என்று சொன்னாய். நானோ பள்ளிக்கூட அபிவிருத்திச் சங்கத்துக்குச் செயலாளர், மகனோ கொழும்பில் கல்வி அமைச்சின் திட்டமிடல் பிரிவில், பிறகு கேட்க வேண்டுமா. எங்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான், கம்பனியிலிருந்து தோட்டம் சோதிக்கிற வி.ஏ. தொரை வேலை மலைகளைப் பார்க்க வந்தால் கங்காணி நல்ல மலை வழியாகக் கூட்டிப்போவார், கெட்ட மலைப் பக்கம் ஜீப்பே திரும்பாது. நாங்கள் பிறந்ததிலிருந்து பார்த்தது அதுதானே, வருகிற பெரிய ஆள் குறை கண்டுபிடிக்கத்தான் வருவார், குறையைக் கண்டால் நமக்குத்தான் அடி. அதிபர் சேர் பத்தொன்பது பிள்ளைகளில் பதினொரு பேரின் லிஸ்டைக் கொடுத்து, இவர்கள் அன்றைக்கு வர வேண்டாம், வைரஸ் காய்ச்சல் என்று எழுதிக்கொள்கிறேன் என்றார். முதல் பெயரே தினுஷா. கூச்சப்படுகிற பிள்ளை, புது ஆட்களுக்கு முன்னால் வாய் திறக்காது, அதற்காகத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். லயம் லயமாக, ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நான்தான் போய்ச் சொன்னேன். என்னோடு வேலை செய்கிற வேலம்மா மட்டும் கேட்டாள், "ஏங்க்கா, பள்ளிக்கூடம் வெச்சிருக்கிறதே படிக்காததுக்குப் படிப்பிக்கத்தானே, அத ஏன் ஒளிக்கணும்" என்று. உனக்கு ஒன்றும் விளங்காது, பேசாமல் இரு என்று அவள் வாயை அடைத்துவிட்டு வந்தேன்.

அந்த நாளில் பதினொன்றையும் பிள்ளைக்காம்பராவுக்குள் வைத்தோம், வேலைக்குப் போகிற தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப் போகிற அதே இடத்தில். வீட்டில் விட்டால் ரோட்டுக்கு வந்து விளையாடுவார்கள், உங்கள் ஆட்களின் வேன் போகும்போது கண்ணில் பட்டுவிடும் என்று. எட்டு வயதுப் பிள்ளைகள், தொட்டிலுக்கு நடுவில் காலை மடக்கி உட்கார்ந்திருந்தார்கள், சத்தம் போடக் கூடாது என்று நான் வாசலில் காவல். "நாங்க என்னம்மா தப்பு செஞ்சோம்" என்று உன் தங்கச்சி கேட்டாள். வி.ஏ. வந்தா கெட்ட மலையக் காட்டுவாங்களா என்று கேட்டேன் நான். பெற்ற தாய் கேட்ட கேள்வி இது, வினோஜன். அன்றைக்குப் பின்னேரமே உனக்குப் போன் போட்டு, பதினொரு பேரை நிறுத்திச் சமாளித்துவிட்டோம் என்று பெருமையாகச் சொன்னேன், நீ சிரித்தாய். அதனால் எனக்குத் தெரியாது என்று நீ யாரிடம் வேண்டுமானாலும் சொல், என்னிடம் சொல்லாதே. எட்டுப் பேர் வாசித்தார்கள், எட்டுக்கு எட்டு, நூறு வீதம் என்று போட்டாய். வகுப்பில் எத்தனை பேர் என்ற கட்டம் உன் படிவத்தில் இல்லையா, இல்லை அது உன் கண்ணில் படவில்லையா.

போன கிழமை வலயக் கல்விக் கந்தோரிலிருந்து பஸ்லி சேர் என்று ஒருவர் சங்கக் கூட்டத்துக்கு வந்தார், நல்ல மனுசர், தேத்தண்ணி குடித்துக்கொண்டே விளக்கிச் சொன்னார். வாசிக்கத் தெரியாத பிள்ளைகள் கூடுதலாக இருக்கிற பள்ளிக்கூடம் சிவப்பு, அதற்கு இரண்டு வருசத்துக்கு வாசிப்புக்கென்றே ஒரு டீச்சர், ஒரு அலுமாரி நிறையப் புத்தகம். நன்றாக வாசிக்கிற பள்ளிக்கூடம் பச்சை, அதற்கு ஒன்றும் இல்லை. "உங்களுது பச்சைம்மா, சந்தோசப்படுங்க" என்றார். ஒன்றும் இல்லை என்றால்கூடப் பரவாயில்லை, இருந்ததும் போய்விட்டது. அனுஷியா டீச்சர்தான் பள்ளிக்கூடம் விட்ட பிறகும் மெதுவான பிள்ளைகளை இருத்தி எழுத்துக் கூட்டச் சொல்லிக் கொடுத்தவ, இங்கே பிள்ளைகளுக்குக் குறை இல்லையே என்று அவவை நாலந்தாப் பக்கத்தில் ஒரு சிவப்புப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றிவிட்டார்கள். அந்தப் பள்ளிக்கூடத்தில் உள்ளதை உள்ளபடி காட்டியிருக்கிறார்கள். அனுஷியா டீச்சர் லிஸ்ட் போட்ட அன்றைக்கே சொன்னா, "இருக்கிறத அப்படியே காட்டுவோம், அப்பத்தான் ஆள் தருவாங்க" என்று. புதுசாக வந்த பிள்ளை, உனக்குத் தோட்டத்து நடைமுறை தெரியாது என்று எல்லோருமாகச் சேர்ந்து அவவை மடக்கினோம். போகும்போது எங்களை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.

நான் எழும்பி, போன வருசம் பார்த்ததில் பிழை இருந்தால் என்ன செய்வது சேர் என்று கேட்டேன். முப்பதாம் திகதிக்கு முன்னால் எழுத்தில் வந்தால் திரும்ப வந்து பார்ப்பார்கள், அதற்குப் பிறகு லிஸ்டை மூடிவிடுவார்கள், இனி மூன்று வருசத்துக்குத் திறக்க முடியாது என்றார். மூன்று வருசம் போனால் தினுஷா ஏழாம் வகுப்பில் நிற்பாள், அதற்குப் பிறகு யார் அவளுக்கு எழுத்துக் கூட்டச் சொல்லிக் கொடுப்பார்கள். அதிபர் சேர் தரையைப் பார்த்துக்கொண்டு இருந்தார், அவருக்குப் பாராட்டுப் பத்திரம் வந்து சுவரில் தொங்குகிறது. அன்றைக்குத்தான் உனக்கு எடுத்தேன். நீ என்ன சொன்னாய்? "இப்ப அதக் கிளறாதீங்கம்மா, அந்தப் பக்கத்த எழுதினதே நான்தான், அடுத்த மாசம் எனக்கு பிரமோஷன் இன்டர்வியூ" என்றாய். பிறகு குரலை இறக்கி, தினுஷாவைக் கொழும்புக்கு அனுப்புங்கள், நான் நல்ல பள்ளிக்கூடத்தில் போடுகிறேன், நமக்குப் பிரச்சினை முடிந்துவிடும் என்றாய்.

ஒளிக்காமல் சொல்கிறேன், ஒரு நாள் முழுக்க யோசித்தேன். அவளுடைய சட்டைகளைக்கூட எடுத்துத் தனியாக மடித்து வைத்தேன். மறுநாள் மிளகுக் கொடிக்குக் கீழே வேலம்மா பக்கத்தில் நின்றாள், அவள் மகனும் அந்தப் பதினொன்றில் ஒன்று, "டீச்சர் போன பிறகு அவன் புத்தகப் பையவே தொறக்கிறதில்லக்கா" என்று சொன்னாள், என்னைத் திட்டக்கூட இல்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்குத் திட்டிவிட்டு உன் பேச்சைக் கேட்டிருப்பேன். அவள் வீட்டு வாசலில் நின்று அந்தப் பிள்ளையை நிறுத்தச் சொன்னவள் நான், என் பிள்ளையை மட்டும் பஸ் ஏற்றிவிட்டு அவள் முகத்தில் எப்படி முழிப்பேன் சொல். நமக்குப் பிரச்சினை முடிந்துவிடும் என்றாயே, அந்த நமக்கு என்பதில் யார் யாரைச் சேர்த்தாய்? உன்னை ஆறாம் வகுப்புக்கு டவுனுக்கு அனுப்பியபோது இந்த லயத்திலிருந்து ஒரு பிள்ளை படித்துப் பெரிய இடத்துக்குப் போனால் நமக்காக நாலு வார்த்தை பேசும் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். நீ பேசவும் வேண்டாம், பொய்யை அச்சில் போடாமல் இருந்தாலே போதுமாக இருந்தது. எனக்கு உன் மேல் வெறுப்பாக இருக்கிறது மகன். பெற்ற பிள்ளை மேல் இப்படி வரும் என்று நான் நினைத்ததில்லை, வந்திருக்கிறது, அதை மறைத்து எழுத எனக்குத் தெரியவில்லை.

நேற்றுக் காலையில் பிரட்டில் வேலைக்குப் பெயர் பதிந்து முடிந்ததும் பதினொரு வீட்டாரையும் கூப்பிட்டுக் கடிதம் எழுதினோம். பிள்ளைகள் பெயர், அன்றைக்கு யாருக்கும் காய்ச்சல் இல்லை என்பது, பிள்ளைக்காம்பராவில் வைத்தது, வீடு வீடாகப் போய்ச் சொன்னது சங்கச் செயலாளர் சந்திரகாந்தா என்பது, எல்லாம் இருக்கிறது. சிலர் பயந்தார்கள், பிறகு போட்டார்கள் கையெழுத்து. செவ்வாய்க்கிழமை லீவு போட்டு நானே வலயத்தில் கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறேன். உன் பெயரை அதில் எழுதவில்லை, பாசத்தினால் இல்லை, அதை எழுத வேண்டியவன் நீ. எங்கள் கடிதத்தை ஒரு தோட்டத்துச் சனம் எழுதினது என்று மூலையில் போட்டுவிடுவார்கள், அந்தப் பக்கத்தை எழுதினவனே பிழை என்று சொன்னால் போட முடியாது. பிரமோஷன் போனால் போகட்டும். முப்பதாம் திகதிக்கு முன்னால் உன் மேலதிகாரிக்கு எழுதிக் கொடு, கொடுத்த பிறகு வீட்டுக்கு வா. கொடுக்காவிட்டால் தைப்பொங்கலுக்கும் வராதே, உன்னைப் பார்த்து அப்பா சந்தோசப்படுவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு, கோபம் உன் மேல்தான், உன் வயிற்றின் மேல் இல்லை, கேஸ்ட்ரிக் குளிசையை விட்டுவிடாதே. செவ்வாய் விரதம் உனக்காகத்தான் இன்னும் இருக்கிறேன், மாரியம்மன் உனக்கு நல்ல புத்தியைத் தந்து நல்லபடியாக வைத்திருக்கட்டும். திகதியை மறக்காதே, முப்பது. தினுஷா முதல் தாளிலிருந்தே என் தோளில் தாடையை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்கிறாள், நான் எதையும் மறைக்கவில்லை. அவளுக்கு அவள் பெயர் மட்டும் தெரிகிறது, தெரிகிற இடத்திலெல்லாம் விரலை வைத்து இது நான், இது நான் என்கிறாள். மிச்சமெல்லாம் என்ன எழுதியிருக்கிறீங்க என்று கேட்டாள். அண்ணன் நேரத்துக்குச் சாப்பிடணும்னு எழுதியிருக்கேன் என்றேன். "இவ்வளவு நீளத்துக்குமாம்மா?" என்கிறாள்.

இப்படிக்கு,
உன் அம்மா
ந. சந்திரகாந்தா